கிளட்ச் நழுவுதா, கியர் விழலையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்ததில் முக்கால்வாசி கிளட்ச், கியர் பிரச்சினைதான். எல்லாமே 100, 110, 125 சிசி வண்டிகள். எடுத்துக்கொண்ட வரிசைக்கு அர்த்தம் எதுவும் இல்லை, கையில் வந்தபடி பதில் எழுதியிருக்கிறேன்.

"அண்ணே, கியர் விழமாட்டேங்குது. என்ன பண்ணலாம்?"

பெயர் இல்லை, ஊர் இல்லை, என்ன வண்டி என்றுகூட இல்லை. எந்த கியர் விழவில்லை? எஞ்சின் ஓடும்போதா, ஆஃப் பண்ணி வைத்திருக்கும்போதா? சூடானபிறகு மட்டுமா, காலையிலிருந்தேவா? கியர் லீவர் ஆடுகிறதா, இறுகிப்போய் நிற்கிறதா? இதில் ஒன்றையும் சொல்லாமல் கேட்டால் பத்துக் காரணம் சொல்லலாம், பத்தும் உங்களுக்கு உதவாது. வண்டி பெயர், வருஷம், ஓடிய கிலோமீட்டர், கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது, என்ன ஆயில், இந்த ஐந்தையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். மற்றவர்களும் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

"2017 ஸ்ப்ளெண்டர், 70,000 கி.மீ. ஓடியது. காலையில் நன்றாக இருக்கிறது. வெயிலில் சிம்மக்கல், கோரிப்பாளையம் என்று நாலு சிக்னல் நின்று வந்தால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. முதல் கியர் போட்டால் வண்டி முன்னால் ஒரு துள்ளு துள்ளுகிறது." (செல்லூர்)

விவரமாக எழுதியதற்கு நன்றி. கிளட்ச் முழுதாக விடவில்லை. கிளட்ச் லீவரைக் கடைசிவரை பிடித்தாலும் உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் சரியாகப் பிரியாமல் உரசிக்கொண்டே சுற்றுகின்றன, அதனால்தான் நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைப்பதில்லை.

முதலில் லீவர் ப்ளேயைப் பாருங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ., அதாவது ஒரு விரல் அகலம், சும்மா ஆட வேண்டும். உங்களுக்கு அதைவிட அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கேபிள் நாள்பட நீண்டுபோனால் இப்படித்தான் ஆகும். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டர் நட்டில் பெரிய அளவைச் சரிசெய்துவிட்டு, ஹேண்டில்பாரில் இருப்பதில் மீதியைச் சரிசெய்யுங்கள். லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். அப்புறம் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ப்ளே மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் கேபிள் எங்கோ மடங்கி இழுபடுகிறது.

ஐடிலும், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது எஞ்சின் சுற்றும் வேகத்தையும், பாருங்கள். இந்த வண்டிக்கு 1,400 ஆர்பிஎம் சுற்றி இருந்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் கியர் போடும்போதெல்லாம் இடிக்கத்தான் செய்யும். இவ்வளவும் சரியாக இருந்தும் தொல்லை தொடர்ந்தால் கிளட்ச் கவரைத் திறக்க வேண்டும். ஸ்டீல் பிளேட் வளைந்திருக்கும், அல்லது பிளேட்டின் காதுகள் உட்காரும் ஹவுசிங்கில் பள்ளம் விழுந்திருக்கும். கவரைத் திறந்தால் அதே பக்கத்தில் கிராங்க் முனையில் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் ஆயில் ஃபில்ட்டரையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், 70,000 ஓடிய வண்டியில் கசடு கட்டி இருக்கும். அதுவரைக்கும், சிக்னலில் வண்டி நிற்பதற்கு முன்பே, உருண்டுகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

"முதல் கியர் போடும்போது 'டொக்' என்று சத்தம். புது வண்டி."

லேசான சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு, காலையில் குளிர்ந்த எஞ்சினில் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். வண்டி துள்ளாதவரை விட்டுவிடுங்கள்.

"ஒரு வருஷத்தில் மூன்று தடவை கிளட்ச் பிளேட் மாற்றிவிட்டேன். மறுபடியும் நழுவுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் சத்தம்தான் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. 125 சிசி, 45,000 கி.மீ. மெக்கானிக் 'வண்டி ராசி அப்படி' என்கிறார்." (உசிலம்பட்டி)

வண்டிக்கு ராசி கிடையாது ஐயா, காரணம்தான் உண்டு. இந்த மாதிரிக் கடிதம் வராத மாதமே இல்லை, ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. பிளேட் செட் 600, 700 ரூபாய், கூலி 400, 500, கேஸ்கட், ஆயில் எல்லாம் சேர்த்தால் மூன்று தடவைக்கு நாலாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஒழுங்காக ஓட்டும் வண்டியில் ஒரு செட் பிளேட் 30, 40 ஆயிரம் கி.மீ. தாராளமாக வரும். நாலு மாதத்தில் போகிறது என்றால் பிளேட்டை எரிக்கிற காரணம் வண்டிக்குள்ளேயே அப்படியே இருக்கிறது, அதைத் தேடாமல் எரிந்ததை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நழுவுகிறது என்றதும் கவரைக் கழற்ற உட்காருகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். லீவரைத் தொட்டுப் பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பவர் வேலை தெரிந்தவர் இல்லை.

வரிசையாகச் சொல்கிறேன். லீவர் ப்ளே: ஒரு விரல் அகலம். பூஜ்யமாக இருந்தால் நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கேபிள் இழுத்துக்கொண்டே இருக்கிறது, பிளேட்டுகள் முழு அழுத்தத்தில் ஒட்டாமல் நழுவிச் சூடேறி எரிகின்றன. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான வண்டிகளில் பிளேட் தேயத் தேய ப்ளே தானாகக் குறைந்துகொண்டே வரும். அதனால் புதுசு போட்ட அன்றைக்குச் சரியாக வைத்தாலும் சில ஆயிரம் கி.மீ.க்கு ஒரு தடவை பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஆயில். உங்கள் கடிதத்தில் ஆயில் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்குச் சந்தேகமே அதில்தான். நம் வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயில் பலவற்றில், குறிப்பாக மைலேஜ் கூட்டும் என்று விற்கும் மெல்லிய ஆயில்களில், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காருக்கு அது நல்லது, ஏனென்றால் கார் கிளட்ச் ஆயிலில் இருப்பதில்லை. நம் கிளட்ச் வேலை செய்வதே உராய்வில்தான், அதைக் குறைத்துவிட்டால் நழுவாமல் என்ன செய்யும்? டப்பாவின் பின்பக்கம் ஜாசோ (இது ஆயில் தரக் குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். எம்.பி. என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு. ஆயிலின் கெட்டித்தன்மை 10டபிள்யூ-30ஆ 20டபிள்யூ-40ஆ என்பதை வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். கடைக்காரர் பீப்பாயிலிருந்து ஊற்றுகிற லூஸ் ஆயில், சொந்தக்காரர் கார் சர்வீஸில் மிச்சமானது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுத்து, கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஸ்பிரிங். பிளேட் எரிகிற சூட்டில் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும். பழைய ஸ்பிரிங்கையே போட்டு மூடினால் புதுப் பிளேட்டும் நழுவும். நீளத்தை அளந்து பார்க்க வேண்டும், குறைந்திருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுப் பிளேட்டுகளை மாட்டுவதற்கு முன் எஞ்சின் ஆயிலில் ஊறவைத்தார்களா? கேளுங்கள். காய்ந்த பிளேட்டை மாட்டி ஓட்டினால் முதல் நாளே கருகத் தொடங்கும். கழற்றிய பழைய பிளேட்டை எப்போதும் கேட்டு வாங்குங்கள். கருப்பாகப் பளபளவென்று கருகிய வாடையோடு இருந்தால் நழுவிச் சூடேறியிருக்கிறது. தடிமன் குறையாமல் நன்றாகவே இருந்தால் மாற்றியதே தேவையில்லாத வேலை.

கடைசியாக உங்கள் இடது கை. ஓட்டும்போது இரண்டு விரலை லீவர் மேலேயே வைத்திருக்கிறீர்களா? ஆண்டிபட்டி கணவாயில் மேலேறும்போது கியர் குறைக்காமல் கிளட்ச்சைப் பாதி பிடித்துச் சமாளிக்கிறீர்களா? அப்படியானால் எந்தப் பிளேட்டும் நிற்காது. கியர் மாற்றியதும் விரல்கள் கைப்பிடிக்குத் திரும்ப வேண்டும். நான்காவது தடவை கவரைத் திறப்பதற்கு முன் ப்ளேயைச் சரிசெய்து, ஆயிலை மாற்றி, 200 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். லேசான நழுவல் என்றால் அதிலேயே சரியாகவும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகும், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகும்போது சத்தம் மட்டும் ஏறினால், அப்போது திறக்கலாம்.

"அழகர்கோவில் போய்த் திரும்பும்போது கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. அப்பன்திருப்பதிவரை தள்ளிக்கொண்டே வந்தோம். வேறு வழி இருந்ததா?"

இருந்தது. நியூட்ரலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு ஓடி, உருளும் வேகத்தில் ஏறி உட்கார்ந்து முதல் கியரை அழுத்தினால் ஒரு குலுக்கலோடு கிளம்பிவிடும். சரிவு இருந்தால் இன்னும் சுலபம். மேல் கியர்களுக்கு ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டுவிட்டுக் கியர் லீவரை அழுத்தினால் விழும். நிற்பதற்கு முன் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். பின்னால் ஆள் உட்காரக் கூடாது, நெரிசலில் செய்யக் கூடாது, காலி ரோட்டில் கடைவரை போய்ச் சேர மட்டும் இது.

ஆனால் கேபிள் சொல்லாமல் அறுவதில்லை. லீவர் பக்கம் குண்டு இருக்கும் இடத்தில் ஒவ்வொரு இழையாகப் பிரியத் தொடங்கும், லீவர் கனக்கும், ப்ளே நாளுக்கு நாள் மாறும். ஒரு இழை பிரிந்ததைப் பார்த்தாலே மாற்றிவிடுங்கள், 200 ரூபாய் சமாச்சாரம்.

"கியர் லீவர் ஷாஃப்டில் வழுக்குகிறது. வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார்கள்." (திருமங்கலம்)

வைக்காதீர்கள். போல்ட் லூசாக இருந்ததைக் கவனிக்காமல் ஓட்டியதால் லீவரின் உள்பல் தேய்ந்திருக்கிறது. புது லீவரும் போல்ட்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் ஆயில் சீல் கருகி ஒழுகும், சீலை மாற்ற லீவரைக் கழற்ற முடியாது, கடைசியில் ஷாஃப்டையே அறுத்தெடுக்க வேண்டி வரும். ஷாஃப்ட் பல்லும் போய்விட்டதென்றால் ஷாஃப்டை மாற்றுவதுதான் வழி.

"இரண்டாவது கியர் போட்டு இழுக்கும்போது தானாக நியூட்ரலுக்குத் துள்ளிவிடுகிறது."

முதலில் ஒன்று: கியர் லீவரை முழுக்க அழுத்துகிறீர்களா? செருப்புக் காலால் பாதி அழுத்திவிட்டு எடுப்பவர்களுக்கும், முன்பின் இரண்டு பக்கமும் மிதிக்கிற லீவரில் குதிகாலைப் பின்பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டே ஓட்டுபவர்களுக்கும் இது வரும். அது இல்லையென்றால் உள்ளே கியர்களைக் கோக்கிற பற்களின் முனை மழுங்கியிருக்கிறது, அல்லது கியர்களை நகர்த்துகிற ஃபோர்க் வளைந்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும், நாலைந்தாயிரம் ஆகும். தள்ளிப்போடாதீர்கள், ஒவ்வொரு துள்ளலும் மிச்சமிருக்கும் பல்லையும் தேய்க்கிறது.

"எக்ஸ்எல் 100-இல் சோழவந்தானிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வாழைத்தார் ஏற்றி வருகிறேன். பாலத்து ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. என்ன ஆயில் ஊற்றலாம்?"

அதில் கியரும் இல்லை, கையால் பிடிக்கிற கிளட்ச்சும் இல்லை, எஞ்சின் வேகம் ஏறும்போது கிளட்ச் ஷூ விரிந்து தானாகவே பிடிக்கும். ஏற்றத்தில் பாதி ஆக்சிலேட்டரில் ஊர்ந்துகொண்டே இருந்தால் ஷூ முழுக்கப் பிடிக்காமல் உரசித் தேயும். ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள், சுமையையும் குறையுங்கள். எல்லாத் தாரையும் பின்னால் தொங்கவிடாமல் முன்னால் கால் வைக்கும் இடத்துக்கும் பிரியுங்கள், ஹேண்டில் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். ஆயில் கேள்விக்கு: டப்பாவைப் பாருங்கள், லூஸ் ஆயில் வேண்டாம்.

"சிறுமலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்தானே?"

இல்லை. 2020-க்குப் பிறகு வந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்குப் பெட்ரோல் எரியும். கார்புரேட்டர் வண்டியில் மிச்சமாகிற கொஞ்சத்துக்கு, 18 கொண்டை ஊசி வளைவிலும் வெறும் பிரேக்கை நம்பி இறங்கப் போகிறீர்களா? டிரம் பிரேக் சூடேறினால் பாதி மலை இறங்கியபிறகு சரியாகப் பிடிக்காது. இரண்டாவது கியர், கிளட்ச்சிலிருந்து கையை எடுங்கள், எஞ்சினே இழுத்துப் பிடிக்கும்.

"எட்டுப் போடப் பழகுகிறேன், வயது 44. கிளட்ச் கனமாக இருக்கிறது, விட்டதும் வண்டி அணைந்துவிடுகிறது." (மேலூர்)

கனமாக இருப்பது உங்கள் கையின் குற்றம் இல்லை அம்மா. பழகக் கொடுக்கிற பழைய வண்டிகளில் கேபிள் துருப்பிடித்திருக்கும். புது கேபிள் போட்டு, லீவர் ஊசியில் கொஞ்சம் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ப்ளேயும் ஒரு விரல் அகலம் இருக்கட்டும்.

அப்புறம், காலி இடத்தில் முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் லீவரை மட்டும் மெதுவாக விடுங்கள். ஒரு இடத்தில் வண்டி நகரப் பார்க்கும், அங்கேயே கையை நிறுத்துங்கள், மறுபடி பிடியுங்கள். அந்த இடம் கைக்குப் பழகும்வரை வேறெதுவும் செய்ய வேண்டாம். எட்டு போடும்போது அரை கிளட்ச் பிடிப்பது தப்பே இல்லை, அந்த வேகத்துக்கு அதுதான் முறை. ரோட்டுக்கு வந்ததும் விட்டுவிடுங்கள்.

"ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். 2டி ஆயில்தான் ஊற்றுகிறோமே, கியர் ஆயில் தனியாக வேண்டுமா?"

வேண்டும். இது டூ-ஸ்ட்ரோக் வண்டி, 2டி ஆயில் பெட்ரோலோடு எரிந்து போய்விடும், கியருக்கும் கிளட்ச்சுக்கும் தனி ஆயில், 650 மில்லி போல. அந்த வண்டி 1996-உடன் நின்றுபோனது, கியர்பாக்ஸ் பாகம் ஒழுங்கானதாகக் கிடைப்பது கஷ்டம். கியர் ஆயிலை இன்றைக்கே மாற்றுங்கள்.

"மழையில் கர்டர் பாலத்துக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் வந்தேன். இப்போது கிளட்ச் ஒரு மாதிரி இருக்கிறது."

ஆயிலைப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. ஸ்டார்ட் செய்யாமல் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள், 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை மாற்றுங்கள்.

"வண்டியை ஆஃப் செய்து நிறுத்தியபிறகு கியர் மாற்றினால் விழவில்லை. கோளாறா?"

கோளாறு இல்லை. வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொண்டே அழுத்துங்கள், விழும்.