பம்ப் ஸ்டாக்: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது. ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவது வழக்கம். ரைஃபிளை மெஷின் கன் போல வேகமாகச் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற சாமானை, உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு மறுபடி வாங்கலாம் என்கிறார்கள். 250 டாலர் விலை சொல்கிறார்கள். வாங்கலாமா, இல்லை வீண் செலவா? என்னோடு ரேஞ்சுக்கு வரும் நண்பர், எச்-1பி விசாவில் இருப்பவர், "ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம்" என்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. டெக்சஸில் இன்றைக்கு அது தடை செய்யப்பட்ட பொருள் இல்லை. பணத்தையும் பயனையும் வைத்துப் பார்த்தாலே கணக்கு கட்டுப்படியாகவில்லை.

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஸ்டாக் என்பது ரைஃபிளைத் தோளில் அணைத்துப் பிடிக்கும் பின்பகுதி. சாதாரண ஸ்டாக் ரைஃபிளோடு அசையாமல் பொருந்தியிருக்கும். பம்ப் ஸ்டாக்கில் ஸ்டாக் தோளில் நிற்க, ரைஃபிள் மட்டும் அதற்குள் முன்னும் பின்னும் வழுக்கும். சுட்டதும் ஏற்படும் உதைப்பில் ரைஃபிள் பின்னால் வரும். ரைஃபிளின் முன்பகுதியைப் பிடித்திருக்கும் கை அதை மறுபடி முன்னே தள்ளும்போது, அசையாமல் நிற்கும் விரலில் ட்ரிகர் வந்து மோதும். நிமிடத்துக்கு 400 முதல் 800 தோட்டா வரை போகும் வேகம் இது. உள்ளே மோட்டாரும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. பிளாஸ்டிக் வார்ப்பு ஒன்றுக்குத்தான் 250 டாலர்.

அந்த 250 டாலர் வெறும் நுழைவுச் சீட்டு. நிமிடத்துக்கு 600 என்று நடுவாக எடுத்துக்கொண்டால், 30 தோட்டா பிடிக்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி) மூன்று விநாடியில் காலி. தோட்டா ஒன்று 50 சென்ட் என்று வைத்தால், மூன்று விநாடிக்கு 15 டாலர். ஆறு மேகசின் சுட்டால் 90 டாலர் போயிருக்கும், சுட்ட நேரமோ மொத்தம் 18 விநாடி. இப்படி மூன்று தடவை ரேஞ்சுக்குப் போனால் தோட்டாச் செலவு ஸ்டாக்கின் விலையைத் தாண்டிவிடும். மேகசினை நிரப்பும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முப்பது தோட்டாவைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி ஏற்றிவிட்டு, அது மூன்று விநாடியில் தீர்ந்துபோவதை இரண்டு மூன்று முறை பார்த்தாலே ஆசை பாதி அடங்கிவிடும்.

சரி, காசு போனால் போகட்டும், ஏதாவது கற்றுக்கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. குறிபார்த்துச் சுடுவதற்கு அடிப்படையே, ரைஃபிள் தோளிலும் கன்னத்திலும் ஒரே இடத்தில் பதிந்திருப்பதுதான். பம்ப் ஸ்டாக் அதைத்தான் முதலில் பிடுங்குகிறது. துப்பாக்கி முழுவதும் ஆடிக்கொண்டிருக்க, கன்னத்துக்கு முன்னால் குறிபார்க்கும் சைட் போய்வந்துகொண்டிருக்கும். 25 கஜத்தில் ஒரு காகிதக் குறியை மாட்டிப் பாருங்கள். முதல் தோட்டா நினைத்த இடத்தில் விழும், அடுத்ததிலிருந்து மேலேயும் பக்கவாட்டிலும் சிதறும், சில தோட்டா காகிதத்தையே தொடாது. போதாக்குறைக்கு முன்னால் பிடித்த கையின் தள்ளு கொஞ்சம் பிசகினால் சுடுவது பாதியில் நின்றுவிடும். ரைஃபிளில் கோளாறா, கையில் கோளாறா என்று குழம்பிக்கொண்டு நிற்பீர்கள்.

ராணுவங்களே இந்தப் பாடத்தைப் படித்திருக்கின்றன. வியட்நாமில் தோட்டாவை வாரி இறைத்த அனுபவத்துக்குப் பிறகு, 1980களில் வந்த அமெரிக்க ராணுவத்தின் எம்16ஏ2 ரைஃபிளில், ட்ரிகரை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் முழு ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, ஒரு அழுத்தலுக்கு மூன்று தோட்டாவோடு நிறுத்தினார்கள். இந்திய ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிளிலும் இதே மூன்று தோட்டா ஏற்பாடுதான் இருந்தது. (அமெரிக்க ராணுவம் பிறகு எம்4ஏ1-இல் முழு ஆட்டோமேட்டிக்குக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பவருக்குத் தோட்டா வாங்கிக் கொடுப்பது அரசாங்கம்.)

அப்புறம், இதை எங்கே சுடப்போகிறீர்கள்? கூரை போட்ட ரேஞ்சுகள் பலவற்றில் வேகமாகச் சுடவே விடமாட்டார்கள். விநாடிக்கு ஒரு தோட்டா, இரண்டு விநாடிக்கு ஒரு தோட்டா என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். உங்களுடைய ரேஞ்சின் விதியை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். சொந்த நிலமோ, நிலம் வைத்திருக்கும் நண்பரோ இல்லாவிட்டால் இது அலமாரியில்தான் கிடக்கும்.

சூட்டையும் சொல்ல வேண்டும். மேகசின் மேகசினாகத் தொடர்ந்து சுட்டால் பேரல் (துப்பாக்கிக் குழல்) கையை வைக்க முடியாத அளவுக்குக் காயும். பேரலின் உள்தொண்டை சீக்கிரம் தேயும், தேய்ந்த பேரல் பிறகு நிதானமாகச் சுட்டாலும் முன்போல் குறியில் சேர்க்காது. ஏஆர்-15 வகையில் சுடாமல் நிறுத்தியிருக்கும்போதும், பேரலின் பின்முனையில் இருக்கும் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். அறை மிக அதிகமாகச் சூடேறிவிட்டால் ட்ரிகரைத் தொடாமலே அது வெடிக்கலாம். அதனால் யார் வேகமாகச் சுட்டாலும், நிறுத்தியவுடன் மேகசினைக் கழற்றி, அறையைக் காலி செய்து, அந்த அறையை மூடும் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலைக் குறித்திசையிலேயே நிறுத்திவையுங்கள்.

இனி சட்டம். இது இன்றைக்குக் கையில் இருக்கும், நாளைக்குப் பறிபோகும் என்பதற்கு வரலாறே சாட்சி. ஆக்கின்ஸ் ஆக்ஸிலரேட்டர் என்று ஸ்பிரிங் வைத்த முன்னோடி ஒன்று இருந்தது. அதற்கு முதலில் சரி என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏடிஎஃப், 2006இல் மாற்றிப் பேசியது. 2010இல் ஸ்பிரிங் இல்லாத ஸ்லைடு ஃபயர் ஸ்டாக்குக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தது. டெக்சஸின் மோரன் என்ற சிற்றூரிலிருந்து அது நாடெங்கும் விற்றது. 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகஸில் இசை விழாக் கூட்டத்தின் மீது ஒருவன் ஓட்டல் ஜன்னலிலிருந்து பம்ப் ஸ்டாக் பொருத்திய ரைஃபிள்களால் சுட்டான். பத்துப் பதினோரு நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். 60 பேர் இறந்தார்கள், அவர்களில் இருவர் பின்னாளில் காயங்களால் இறந்தவர்கள். அதன் பிறகு டிரம்ப் அரசே 2018 டிசம்பரில் விதி போட்டு, பம்ப் ஸ்டாக்கை மெஷின் கன் என்று வகைப்படுத்தியது. 2019 மார்ச் 26க்குள் உடைத்துப் போட வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும். நாடு முழுவதும் லட்சக்கணக்கில் இருந்த பொருள், அதற்கு ஒரு சென்ட் நஷ்டஈடு கிடையாது. முந்நூறு டாலர் போட்டவருக்கும் வெறுங்கைதான்.

ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடமிருந்த இரண்டை ஒப்படைத்துவிட்டு வழக்குப் போட்டார். 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ட்ரிகரின் ஒரே இயக்கத்தில் பல தோட்டா பாய்ந்தால்தான் மெஷின் கன் என்கிறது சட்டம். இங்கே ஒவ்வொரு தோட்டாவுக்கும் ட்ரிகர் தனித்தனியாக இயங்குகிறது என்றார் நீதிபதி தாமஸ். ஆனால் அதே பக்கம் நின்ற நீதிபதி அலிட்டோ, நாடாளுமன்றம் நினைத்தால் சட்டத்தைத் திருத்தலாம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறார். அதாவது கதவு பூட்டப்படவில்லை. தீர்ப்பு மாநிலத் தடைகளையும் தொடவில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி மட்டுமல்ல, துப்பாக்கிக்கு இடம் கொடுக்கும் ஃபுளோரிடாவிலும் 2018 முதல் தடை இருக்கிறது. வேலை மாறி அங்கே குடிபோனால் இதை மூட்டையில் கட்டக்கூடாது.

வேகமாகச் சுடும் அனுபவம்தான் வேண்டும் என்றால், டெக்சஸிலும் லாஸ் வேகஸிலும் உண்மையான மெஷின் கன்னை வாடகைக்குக் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. பயிற்சியாளர் பக்கத்தில் நிற்பார், தேயும் பேரல் அவர்களுடையது. ஒருமுறை போய் ஆசை தீரச் சுட்டுவிட்டு வாருங்கள். 250 டாலரை உங்கள் ரைஃபிளுக்கே செலவழிக்க நினைத்தால், நல்ல ட்ரிகர் ஒன்று போடலாம். அல்லது .22 தோட்டா சுடுவதற்கான மாற்று போல்ட் வாங்கலாம், பயிற்சிச் செலவு நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

பைனரி ட்ரிகர், ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிகர் என்று வேகமாகச் சுட வைக்கும் வேறு சாமான்களையும் காட்டுவார்கள். அவற்றுக்கும் தோட்டாக் கணக்கு இதேதான், மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேறு. துப்பாக்கியை முழு ஆட்டோமேட்டிக்காக மாற்றும், இணையத்தில் முப்பது நாற்பது டாலருக்கு வரும் 'ஸ்விட்ச்', 'ஆட்டோ சியர்' பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். அந்தத் துண்டு உலோகமே சட்டப்படி மெஷின் கன். பத்து வருடம் வரை சிறை, கிரீன் கார்டுக்காரருக்கு நாடு கடத்தலும் சேர்ந்து வரும்.

கடைசியாக உங்கள் நண்பர். பம்ப் ஸ்டாக்கை விடுங்கள், எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதற்கே மத்தியச் சட்டத்தில் தடை இருக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. ரேஞ்சில் உங்கள் ரைஃபிளை அவரிடம் நீட்டுவதும் இதில் சேரும், கொடுக்கிற உங்களுக்கும் சிக்கல். அவரிடம் அந்த லைசென்ஸ் இருக்கிறதா என்று அடுத்த முறை கிளம்புவதற்கு முன் கேளுங்கள். இல்லை என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசும் வரை அவர் துப்பாக்கியைத் தொட வேண்டாம்.