கீரையா, விதைப் பொடியா? இந்த வாரத்து கேள்விங்க

மேடம், ஆபீஸ்ல கூட இருக்க கன்னடக்காரங்க அகசே சட்னிப்புடி தந்தாங்க, நம்ம ஆளி விதைதான். சார்ட்ல பாத்தா பாலக்க விட அதுலதான் இரும்புச்சத்து ஜாஸ்தி. அப்ப கீரை ஆயுற வேலைய விட்டுறலாமா? (ஜெயநகர்)

சார்ட் பொய் சொல்லல, ஆனா ரெண்டுமே 100 கிராமுக்கு போட்ட கணக்குங்க. வேகவச்ச பாலக் 100 கிராம்ங்கறது ஒரு சின்ன கிண்ணம், சோத்துல பெசஞ்சா காணாமப் போயிடும், அதுல சுமாரா 3.5 மில்லிகிராம் இரும்பு வந்துரும். ஆளி விதைல 100 கிராமுக்கு 5.7, சரி, ஆனா யாரு 100 கிராம் பொடி சாப்பிடுவா, 530 கலோரிக்கு மேல ஆச்சே! இட்லிக்கு தொட்டுக்கறது ஒரு டேபிள்ஸ்பூன், 7 கிராம் இருக்கும், அதுல 0.4தான். தட்டுல எவ்ளோ விழுதுன்னு பாத்தா கீரைதான் முன்னாடி நிக்குது, அதோட ஃபோலேட், வைட்டமின் ஏ எல்லாம் வேற.

ஆனா அதே ஒரு ஸ்பூன்ல 1.6 கிராம் ஒமேகா-3 இருக்கு, நார்ச்சத்தும் 2 கிராம் கிட்ட, ஒமேகா-3 விஷயத்துல கீரை பக்கத்துலயே வர முடியாது. இன்னொன்னு, பாலக் இரும்ப ஒடம்பு முழுசா எடுத்துக்காது, எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்கோங்க. பொம்பளைங்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்ற அளவு நாளுக்கு 29 மில்லிகிராம், ஒரு கிண்ணத்துல முடியுற கதை இல்ல.

விதைய முழுசா முழுங்கலாமா அக்கா?

முழுசா போனா முழுசாவே வெளிய வரும். பொடிச்சு, கொஞ்சமா, ஃப்ரிட்ஜ்ல வைங்க. என் டப்பா ஒன்னு சமையல் மேடையிலேயே ரெண்டு மாசம் கெடந்துச்சு, தொறந்தா பெயிண்ட் வாசன. ஆளி எண்ணெய்ல பெயிண்ட் பண்றாங்கல்ல, அதே சமாச்சாரம்தான். தூக்கிப் போட்டேன். அப்புறம் தண்ணி நெறைய குடிங்க, இல்லன்னா வயிறு கட்டிக்கும்.

மாமியார் மஞ்சப் பூசணி விதைய காயவச்சு பொடி பண்ணி, காய்க்கு பதிலா இதுவே போதும்ங்கறாங்க. (அல்சூர்)

விதைய தூக்கிப் போடாததுக்கே அவங்களுக்கு ஒரு கும்பிடு. வெந்த பூசணில 94 சதவீதம் தண்ணிதான், 100 கிராம்ல ஒரு கிராம் புரோட்டீன் கூட தேறாது, விதைப் பொடி 10 கிராம்லயே 3 கிராம் வந்துரும், துத்தநாகம் மெக்னீசியம் வேற. ஆனா காய்ல இருக்க அந்த மஞ்ச நெறம் இருக்கு பாருங்க, பீட்டா கரோட்டின், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ அதுலேந்துதான் வருது, பொடில அது இல்லன்னே சொல்லலாம். அந்த கரோட்டின் ஒடம்புல சேர கொழுப்பு வேணும், விதைல பாதி கொழுப்புதான், அதனால பூசணிக் கூட்டு எறக்கறப்போ அந்த பொடிய ஒரு ஸ்பூன் தூவிருங்க, மாமியாரும் ஜெயிச்சாச்சு நீங்களும் ஜெயிச்சாச்சு.

செக்குக் கடைல எள்ளுப் புண்ணாக்கு சீப்பா கெடைக்குது, எண்ணெய் இல்லாததால டயட்டுக்கு நல்லதாமே?

ஊர்ல வெல்லம் வச்சு தின்ன ஞாபகம் எனக்கும் இருக்கு! எண்ணெய் முழுசா போயிடாது, கொஞ்சம் தங்கும், ஆனா பெரும்பாலும் போனதால புரோட்டீன் கூடும், அது நெஜம். ஆனா மாட்டுக்குன்னு மூட்டைல கெடக்கறத வாங்காதீங்க, ஈரம் பட்டா பூஞ்சை வரும், அந்த நஞ்சு ஈரலுக்கு ஆகாது, வறுத்தாலும் முழுசா போகாது. அன்னைக்கு ஆட்டுனது, சுத்தமானதுன்னு தெரிஞ்சா மட்டும்.

அப்பாக்கு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை போகுது. கீரை, ஆளிப் பொடி ரெண்டும் குடுக்கலாமா?

கீரைல வைட்டமின் கே ரொம்ப ஜாஸ்தி, திடீர்னு கூட்டுனா மாத்திரை வேல செய்றது கொறையும், திடீர்னு நிறுத்துனாலும் வம்புதான். இப்ப எவ்ளோ சாப்பிடறாரோ அதே அளவுல போகட்டும். பொடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட கேட்டுருங்க, ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட், அதோட அடுத்த தேதிய தள்ளிப் போடாதீங்க.