காரில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது. மோதல் சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஸ்கேன் செய்ததில் முன்பக்க வலது மோதல் சென்சார் (மோதலை உணர்ந்து தகவல் அனுப்பும் கருவி) கோளாறு என்று வந்ததாகவும், சர்வீஸ் சென்டரில் சென்சாரோடு ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றச் சொல்வதாகவும், வெளியில் ஒரு மெக்கானிக் விளக்கை மட்டும் அணைத்துத் தருவதாகச் சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டுக்கும் இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே வயர் அறுந்தாலும் ரிலே பழுதானாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்குப் போக வேண்டும். காரணம் தெரியாமல் அந்தச் சிவப்பை மாற்ற எவருக்கும் அதிகாரம் கிடையாது. எனவே, விளக்கை மட்டும் அணைப்பது என்ற பேச்சைக் கேட்டாலே எனக்கு மனம் பதறுகிறது. பல கார்களில் அந்த விளக்கு எரியும்போது ஏர்பேக் விரியும் என்பதற்கு உறுதியே இல்லை. விளக்கை அணைத்துவிட்டால் அந்த உண்மை மறைந்துபோகும், அவ்வளவுதான். ரயில்வேக்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். நான் வாகன வல்லுநன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஈரத்தில் கிடந்த வயரும் அதன் முனையிலுள்ள உலோகத் டெர்மினலும் எப்படிக் கெடும் என்பது எனக்குத் தெரியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. காரைச் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்கி மூன்று மாதம் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள், பேத்தியைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் வழியில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. வீட்டிலிருந்த மலிவான ஸ்கேனர் இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படித்ததால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். வலது முன் சென்சார் என்றார்கள். முப்பத்தெட்டாயிரத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வயரும் சென்சாரும் சேரும் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதே என்று பதில் வந்தது.

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை என்பதுதான் என் வாதம். அந்தச் சென்சாரிடமிருந்து தகவல் சரியாக வரவில்லை என்பதே ஸ்கேனர் காட்டும் இத்தகைய கோளாறுக் குறியீட்டின் பொருளாகப் பெரும்பாலும் இருக்கும். சென்சார் செத்திருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம். மூன்றுக்கும் ஒரே குறியீடு வரக்கூடும்.

எங்கள் பகுதியில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரை அழைத்துக்கொண்டேன். முதலில் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஏர்பேக்கை வெடிக்கச் செய்யும் அளவு மின்சாரத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கொஞ்ச நேரம் தன்னுள் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பாருங்கள். பம்பரைக் கழற்றினோம். வலது ஹெட்லைட்டுக்குப் பின்னால், தீப்பெட்டி அளவில் அந்தச் சென்சார் இருந்தது. அதன் மஞ்சள் கனெக்டரைப் பிரித்தபோது, உள்ளே இருந்த ரப்பர் வளையம் விறைத்து ஒரு பக்கம் விலகியிருந்தது. இரண்டு பின்களில் ஒன்று பளபளப்பாக இருக்க, மற்றதில் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. நகத்தால் தொட்டதும் களிம்போடு பின்னின் முனையும் உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது.

வயரின் இரு முனைகளையும், அதாவது சென்சார் பக்கத்தையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பக்கத்தையும், கழற்றிவிட்டு, வயர் எங்கும் அறுபடாமல் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்தோம். ஒரு வயர் சரியாக இருந்தது. மற்றதை அசைக்கும்போதெல்லாம் அளவு தாவியது. இந்தச் சோதனை சென்சார் வயருக்கு மட்டுமே பொருந்தும். ஏர்பேக்குக்குப் போகும் வயரில் மல்டிமீட்டரை ஒருபோதும் வைக்காதீர்கள்; மீட்டரிலிருந்து போகும் சிறு மின்னோட்டமே ஆபத்தாகலாம். ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் அதற்கென்று இருக்கும் மாற்று மின்தடையை வைத்துத்தான் சோதிப்பார்கள்.

புதிய கனெக்டரையும் டெர்மினல்களையும் வாங்கி, வயரோடு அழுத்திப் பிணைத்து (கிரிம்ப் செய்து), ஈரம் புகாத உறை போட்டு இணைத்தோம். சில நிறுவனங்கள் ஏர்பேக் வயரில் ஒட்டுப்போடவே கூடாது, வயர் தொகுப்பையே மாற்ற வேண்டும் என்கின்றன. உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். களிம்பேறிய பின்னோடு அந்தச் சென்சாரை வைத்துக்கொள்ள முடியாததால் சென்சாரையும் புதிதாகவே வாங்கினேன். பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும் என்று தம்பி சொன்னார். மோதிய வண்டியிலிருந்து வந்ததா, கீழே விழுந்ததா என்று தெரியாத ஒன்றை இந்த இடத்தில் பொருத்த எனக்கு மனம் வரவில்லை. சென்சார் பொருத்தும் தகடு வளைந்திருக்கிறதா என்று பார்த்து, சென்சார் மேலுள்ள அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் நோக்கியிருக்கும்படி வைத்து, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றவே தேவைப்படவில்லை. மொத்தச் செலவு ஆறாயிரத்துக்குள் முடிந்தது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. வாங்கிய பொருளை நாமே பழுதுநீக்கிக்கொள்ளும் உரிமைக்காக 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் அடங்கும். இருந்தும், நான் பணம் கொடுத்து வாங்கிய வண்டியின் வயரிங் வரைபடத்தை மூன்று முறை கேட்டும் சர்வீஸ் சென்டரில் எனக்குத் தரவில்லை. எந்தப் பின்னுக்கு எந்த வயர் என்பதை ஒவ்வொன்றாக அளந்துதான் கண்டுபிடித்தோம்.

ஒரு சென்சார் போனால் என்ன, உள்ளே இன்னொன்று இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் மோதல் தொடங்கியதை முதலில் உணர்வது முன்னால் இருக்கும் சென்சார். ஏர்பேக் விரிந்து முடிக்க ஏறக்குறைய 30 மில்லி விநாடிதான் ஆகும் என்னும்போது, தகவல் சற்றுப் பிந்தினாலும் நம் முகம் ஸ்டீயரிங்கை நெருங்கிவிடும்.

வேலை முடிந்ததும் இருக்கையில் யாரும் இல்லாமல், வெளியில் நின்று சாவியைத் திருப்பினோம். விளக்கு சில விநாடி எரிந்து அணைந்தது. அப்படி எரிந்து அணைவதுதான் சரி. சாவியைத் திருப்பும்போது எரியவே இல்லையென்றால், யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். குறியீட்டை அழித்து, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தேன், திரும்ப வரவில்லை. உங்கள் வண்டியில் கனெக்டரும் வயரும் சுத்தமாக இருந்தால், அதே பாக எண்ணுள்ள புதிய சென்சாரை மட்டும் முதலில் மாற்றச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே குறியீடு வந்தால்தான் பெட்டியைப் பற்றிய பேச்சையே எடுக்க வேண்டும்.