கடனும் சாவும் ஒன்றல்ல

கேள்வி: தமிழ்வழியில் படித்தவள் நான். ஆறு வயது மகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகம் படித்துக் காட்ட ஆசை. என் உச்சரிப்பு அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும், வேண்டாம் என்கிறார் கணவர். சொற்களின் மேல் தமிழில் எழுதிவைத்துக்கொண்டு படிக்கலாமா?

பதில்: தாராளமாகப் படியுங்கள். உங்கள் கணவருக்கு ரொம்பவும் பயமாக இருந்தால் அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

ஆறு வயதுக் குழந்தை ஒரே வாயிலிருந்து உச்சரிப்பைக் கற்பதில்லை. ஆசிரியை, தோழிகள், கார்ட்டூன் என்று நாலு பக்கமும் கேட்டு, தானே திருத்திக்கொள்ளும். உங்களிடமிருந்து அது எடுத்துக்கொள்வது வேறு. வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது, பயந்தவன் பேசினால் குரல் எப்படி ஒடுங்குகிறது, அடுத்த பக்கத்தில் என்ன வரப்போகிறது என்ற பரபரப்பு. 1985-இல் அமெரிக்காவில் வாசிப்பை ஆராய்ந்த ஓர் ஆணையம், பிள்ளைகள் பின்னாளில் நன்றாக வாசிப்பதற்கான அறிவை வளர்ப்பதில் அவர்களுக்குப் படித்துக் காட்டுவதே தலையாய வேலை என்று எழுதிவைத்திருக்கிறது. நடுவே நிறுத்தி, "இந்தக் கரடி இப்போ என்ன பண்ணும், சொல்லு?" என்று தமிழிலேயே கேளுங்கள். கையில் ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது என்பதற்காகத் தமிழை ஊமையாக்க வேண்டியதில்லை. அதே புத்தகத்தை இருபதாவது தடவை கேட்டாலும் எடுத்துப் படியுங்கள். அலுப்பு உங்களுக்குத்தான், அவளுக்கு இல்லை.

தமிழில் எழுதிவைப்பது மட்டும் வேண்டாம். நானும் அப்படிப் படித்தவள்தான். கடனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஒரு 'பி' இருக்கிறதல்லவா, அதையும் சேர்த்து 'டெப்ட்' என்று புத்தக ஓரத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். டீச்சராகி ஒன்பது வருடம் அதையே சொல்லியும் கொடுத்தேன். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மிஸ், நியூஸ்ல 'டெட்'னுதான் சொல்றாங்க" என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அந்த 'பி'யை யாரும் உச்சரிப்பதில்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பிற்காலப் படிப்பாளிகள் எழுத்தில் மட்டும் செருகியது.

சரியென்று ஓரத்தில் 'டெட்' எனத் திருத்தினேன். அடுத்த பாடத்தில் செத்துப்போனவர் ஒருவர் வந்தார். அவருக்கும் தமிழில் எழுதினால் 'டெட்'தான்! ஆங்கிலத்தில் முன்னது வல்லோசையில் முடியும், பின்னது மெல்ல அதிர்ந்து முடியும். நம் 'ட்' இரண்டையும் ஒன்றாக்கிவிடும். (இதை விளக்கவும் எனக்குத் தமிழ் எழுத்தை விட்டால் வேறு கதியில்லை, பாருங்கள்.)

ஆகவே, மகள் தூங்கிய பிறகு, சந்தேகமான ஐந்தாறு சொற்களை மட்டும் ஃபோன் அகராதியில் தட்டிக் கேளுங்கள். எழுதாதீர்கள். கேட்டுவிட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகொரு நாள் அவளே உங்களைத் திருத்தினால், கோபித்துக்கொள்ளாமல் திருப்பிச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏழு மாதமாகத் தினமும் அரைமணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாகப் படிக்கிறேன். தங்குதடையின்றி வருகிறது. ஆனால் அலுவலக மீட்டிங்கில் ஒரு வாக்கியம் பேச வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: கண் பார்க்கிறது, வாய் சொல்கிறது, நடுவில் நீங்கள் இல்லை. தவிர, செய்தித்தாளின் ஆங்கிலத்தில் யாரும் மீட்டிங்கில் பேசுவதில்லை. அதை நிறுத்திவிட்டு, உரையாடல் அதிகமுள்ள கதையோ நாடகமோ எடுங்கள். ஒலிப்பதிவும் கிடைப்பதாக இருந்தால் உத்தமம். அரைப் பக்கம் போதும்.

வங்காளத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்: படி, நிமிர், சொல். ஒரு துண்டு வாக்கியத்தைப் பாருங்கள். தலையை நிமிர்த்துங்கள். எதிரே ஆள் இருப்பதாக நினைத்து, தாளைப் பார்க்காமல் சொல்லுங்கள். குனிந்தபடி சொன்னால் கணக்கில் சேராது. பார்வை தாளை விட்டு எழும் அந்த இரண்டு விநாடி வாக்கியத்தை நீங்கள் மனத்தில் தாங்க வேண்டியிருக்கிறது. பேசும்போதும் அதையேதான் செய்கிறோம். முதல் வாரம் மூன்று சொல் தாண்டாது, பரவாயில்லை.

இன்னொன்று. நாம் எல்லா அசையையும் ஒரே எடையில் போட்டு உருட்டுகிறோம். ஆங்கிலம் அப்படியல்ல. 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். எடுப்பவரைச் சொல்லும் 'ஃபோட்டோகிராஃபர்' வந்ததும் அது இரண்டாம் அசைக்குத் தாவிவிடும், முதல் அசை தேய்ந்துவிடும். இறந்தகாலச் சொற்களையும் கவனியுங்கள். நடந்ததைச் சொல்ல 'வாக்கெட்' என்று இழுப்பவர்கள் ஏராளம். அது ஒரே அசை, 'வாக்ட்'. வாரம் ஒருநாள் ஃபோனில் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். சொந்தக் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படித்தால் நினைவில் நிற்குமா, மனத்துக்குள் படித்தால் நிற்குமா?

பதில்: வாய்விட்டுப் படித்த சொற்கள் கூடுதலாக நினைவில் நிற்பதைக் கனடா உளவியலாளர் காலின் மெக்லியோடும் குழுவினரும் 2010-இல் சோதித்துக் காட்டினார்கள். ஆனால் சில சொற்களை மட்டும் உரக்கப் படித்தபோதுதான் அந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. எனவே முழுப் பாடத்தையும் கத்தி வீட்டாரைத் துரத்தாமல், மறந்துபோகும் வரிகளை மட்டும் உரக்கப் படியுங்கள்.