வாசிப்பில் ஊறிய பிள்ளைக்கு வீட்டிலேயே இலக்கியப் பாடம் எப்படி?

வேலூரில் வீட்டிலேயே படிக்கும் உங்கள் 11 வயது மகள் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிறாள், இலக்கியத்துக்கு எப்படித் திட்டம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அவள் இஷ்டத்துக்கு வாசிப்பதில் கை வைக்காதீர்கள். அதற்குக் கேள்வித்தாள் வேண்டாம், கதைச் சுருக்கமும் வேண்டாம். பாடம் என்று வாரத்துக்கு இரண்டு நாள், அரைமணி நேரம் போதும்.

அந்த அரைமணியில் சின்னதாக ஒன்றை எடுத்து நிதானமாகப் படியுங்கள். குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். நாங்கள் ‘செம்புலப் பெயல்நீர்’ வரும் 40ஆம் பாடலில் தொடங்கினோம். செம்மண்ணில் பெய்த மழைநீர் போல இருவரின் நெஞ்சங்களும் கலந்துவிட்டன என்கிற பாடல் அது. உரையைத் திறக்கவில்லை. என் மகன் கண்ணாடி டம்ளரில் செம்மண் போட்டு மழைநீர் பிடித்தான். தண்ணீர் சிவந்தது. மறுநாள் காலையில் மண் அடியில் தங்கி, மேலே தெளிந்திருந்தது. “பிரிஞ்சிடுச்சே, அப்போ புலவர் சொன்னது தப்பா?” என்றான். உவமை எதுவரை பொருந்தும் என்று ஒரு வாரம் பேசினோம். புலவரின் இயற்பெயர் தெரியாததால், அந்தத் தொடரை வைத்தே செம்புலப்பெயனீரார் என்கிறோம் என்றதும் அவனுக்கு அவ்வளவு வியப்பு!

அப்புறம் நாவல். 13, 14 வயதில் மு.வ.வின் (மு. வரதராசன்) ‘அகல் விளக்கு’ கொடுங்கள். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். நம் பக்கத்து வாலாசாப்பேட்டை அதில் வருகிறது. படித்து முடித்ததும் பஸ் ஏறிப் போய் அந்தத் தெருக்களில் நடந்து வாருங்கள்.

இலக்கணத்தை இப்போதைக்குத் தனிப் பாடமாக்க வேண்டாம். பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கும்போதே சந்தி பிடிபட ஆரம்பித்துவிடும்.