உதைக்கும் காலை நம்பிக் கல்லூரி தேடலாமா?

நியூஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் சாக்கரை (நம் ஊர்க் கால்பந்தை) விட்டுவிட்டு அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை உதைக்கும் கிக்கராகிவிட்டான், பள்ளி ஆட்டத்தில் 47 கஜத்திலிருந்து கம்பங்களுக்கு இடையே உதைத்து ஃபீல்டு கோலும் அடித்துவிட்டான். இதை வைத்துக் கல்லூரி கிடைக்குமா, பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரிக்கு வழி உண்டு. பிழைப்புக்கு இதை நம்பாதீர்கள்.

முதலில் அந்த 47 கஜத்தை எடைபோடுவோம். பள்ளி மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு இடையே 23 அடி 4 அங்குலம். கல்லூரியில் 18 அடி 6 அங்குலம்தான். பக்கத்துக்கு 2 அடி 5 அங்குலம் குறைகிறது. பள்ளியில் கம்பத்துக்கு இரண்டடி உள்ளே போன பந்து கல்லூரியில் வெளியேதான் போகும். அதனால் அவன் அடித்த ஒவ்வொரு கோலையும் வீடியோவில் பார்த்து, கம்பங்களின் நடுவிலிருந்து எவ்வளவு விலகியது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். கோச்கள் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது டீ, அதாவது பந்தைத் தூக்கி நிறுத்தும் சிறு தாங்கி. பள்ளியில் பந்தை இரண்டு அங்குல உயர டீ மேல் வைத்து அடிக்கலாம். கல்லூரியில் ஃபீல்டு கோலுக்கு 1989 முதல் அதற்கு அனுமதியில்லை. பந்து தரையில்தான் நிற்கும். டீயில் பழகிய கால் அதே வீச்சில் வந்தால் பந்தின் அடிப்பாகத்துக்குப் பதில் நடுவில் படும். பந்து தாழ்வாகப் போய் எதிரணியின் கைகளில் முட்டும். நல்ல பள்ளிக் கிக்கர்கள் பலர் கல்லூரி முதல் வருடத்தில் தடுமாறுவது இங்கேதான். இரண்டு அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம், பிறகு தரை என்று இப்போதே இறங்கட்டும். பள்ளி ஆட்டத்திலும் டீ இல்லாமல் அடிக்கத் தடையில்லை.

ஊன்றும் காலைக் கவனியுங்கள். பந்துக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய ஓரடி தள்ளி, விரல்கள் கம்பத்தை நோக்கி இருக்க வேண்டும். பந்தை ஒட்டி ஊன்றினால் இடுப்பு திரும்ப இடமில்லாமல், வலதுகால்காரனுக்குப் பந்து இடப்பக்கம் இழுக்கும். பந்தைத் தாண்டி முன்னால் ஊன்றினால் தாழ்ந்து போகும். ஸ்னாப்பிலிருந்து, அதாவது ஸ்னாப்பர் பந்தைப் பின்னால் எறிவதிலிருந்து, கால் படும்வரை சுமார் 1.3 வினாடி; அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தும் ஹோல்டர் பந்தை வைத்து முடிக்கும்வரை காத்திருந்தால் நேரம் போய்விடும், அதனால் ஹோல்டரின் கை தரையை நோக்கி இறங்கும்போதே அடி எடுத்து வைக்க வேண்டும். தனியாக ஒரு தாங்கியில் பந்தை நிறுத்தி நூறு முறை அடிப்பதைவிட, ஸ்னாப்பரோடும் ஹோல்டரோடும் சேர்ந்து முப்பது முறை அடிப்பது மேல். தினமும் அடித்தால் தொடை இடுக்கில் தசை பிடிக்கும். வாரம் மூன்று நாள் போதும்.

கோச்சுக்கு அனுப்பும் வீடியோவை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு அலங்கரிக்க வேண்டாம். பின்புறமிருந்து எடுத்தது, ஸ்னாப்பும் கம்பமும் தெரிவது, தவறியதும் உள்ளே இருப்பது, அவ்வளவே. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்காஃபும் சேர்க்கவும்: கல்லூரியில் 35 கஜக் கோட்டிலிருந்து அடிப்பதால் கோல் கோட்டை எட்டவே 65 கஜம் வேண்டும், பந்து நான்கு வினாடியாவது காற்றில் நிற்க வேண்டும். ஃபீல்டு கோல் மட்டும் தெரிந்தவனைவிட இரண்டும் தெரிந்தவனுக்கே இடம். தரவரிசை தரும் தனியார் முகாம்களுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட, அவன் சேர விரும்பும் கல்லூரிகளே கோடையில் நடத்தும் முகாமுக்குப் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே தேர்வு செய்பவரே எதிரில் நிற்பார்.

நம் வீடுகளில் மதிப்பெண் பெரும்பாலும் பிரச்சினையாகாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, தன் மூன்று பிரிவுகளில் முதல் பிரிவுக்குக் கேட்பது 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 2.3 சராசரியும்தான். ஆனால் அந்த 16-இல் 10 பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடிந்திருக்க வேண்டும். எடுத்த பாடம் அந்தப் பள்ளிக்கு என்சிஏஏ அங்கீகரித்த பட்டியலில் இருக்கவும் வேண்டும். ஒன்பதாம் வகுப்பை ஊரில் படித்துவிட்டு வந்திருந்தால் அந்த மதிப்பெண் பட்டியலும் தேவைப்படும். அந்தப் பள்ளிக்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

பணத்துக்கு வருவோம். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீக்கும் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. முதல் பிரிவில் கிக்கரை வாக்-ஆன் ஆக, அதாவது உதவித்தொகையில்லாமல் எடுப்பது சகஜம். வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிசெய்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கல்லூரி அணிகளில் 2025 முதல் 105 பேருக்கு மேல் கூடாது என்பதால் அந்த இடங்களும் சுருங்கிவிட்டன. "இப்போதுள்ள கிக்கருக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? வேறு கல்லூரியிலிருந்து அனுபவசாலியைக் கொண்டுவரப் போகிறீர்களா? உதவித்தொகை எழுத்தில் வருமா?" என்று கோச்சிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதை அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு ஒரு கிக்கர். ராபர்ட்டோ அகுவாயோ ஃப்ளோரிடா ஸ்டேட் கல்லூரியில் சிறந்த கிக்கருக்கான லூ க்ரோசா விருது வாங்கியவர். 2016-இல் என்எஃப்எல் அணிகள் புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்தபோது இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்டு, முதல் சீசனில் 31 ஃபீல்டு கோல் முயற்சிகளில் 22 மட்டும் போட்டு, மறு ஆண்டே வெளியேற்றப்பட்டார். யங்ஹோ கூ கொரியாவிலிருந்து சிறுவனாக உங்கள் நியூஜெர்சிக்கே வந்து, ஜார்ஜியா சதர்ன் கல்லூரியில் ஆடி, 2017-இல் என்எஃப்எல்லில் நான்கே ஆட்டங்களில் நீக்கப்பட்டு, பிறகு அட்லாண்டா அணியில் நிலைத்தார். 2025-இல் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். பிராண்டன் ஆப்ரி நோட்டர் டேம் கல்லூரியில் சாக்கர் ஆடியவர். மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு, 2023-இல்தான் டல்லஸ் அணிக்கு வந்தார். ஆகவே நாளைக்கே முழங்கால் போனாலும் அவன் விரும்பிப் படிக்கும் கல்லூரியா, அந்தப் பட்டத்துக்கு வேலை உண்டா என்று பார்த்தே முடிவெடுங்கள்.

மகன் உங்கள் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்தால் 21 வயதில் அது முடியும். மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாற வேண்டிவரும். உதவித்தொகை பெற இரண்டிலும் தடையில்லை. ஆனால் அவன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதற்காகக் கிடைக்கும் பணம் வேலையாகக் கணக்கிடப்பட்டு விசாவுக்கே வினையாகலாம். எவர் ஒப்பந்தம் நீட்டினாலும் குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட விடாதீர்கள். கல்லூரி விளையாட்டு அலுவலகம் "எல்லாரும் போடுவதுதான்" என்று சொன்னாலும் சரி.