காலரா பரவும் நாட்டுக்குப் பயணம்: எதில் கவனம் வேண்டும்?

ராயபுரத்திலிருந்து நைஜீரியாவுக்கு வேலைக்குப் போகிறேன், அங்கே காலரா பரவுகிறதாம், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முகக்கவசம் இதற்கு உதவாது. காலரா தண்ணீரிலும் உணவிலும் வருவது. கொதிக்கவைத்த தண்ணீர், சூடு ஆறாத சோறு, நீங்களே தோலுரித்த பழம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐஸ் கட்டி வேண்டவே வேண்டாம், உறைந்தாலும் கிருமி சாவதில்லை. லாரித் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்த வடசென்னைக்காரருக்கு இதெல்லாம் புதிதா என்ன? ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பொட்டலங்கள் சிலவற்றைப் பெட்டியில் வையுங்கள். அரிசி கழுவிய நீர்போல் பேதியானால், அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காலரா தவிர, கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலும் நைஜீரியாவில் உண்டு; பலர் கோட்டைவிடுவது அதற்கான தடுப்பூசியில்தான். துறைமுக சுகாதார அலுவலகத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். அது இல்லாமல் ஊர் திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.